இருக்கைகள் சவப்பெட்டிகளான மண்டபம்: சரயேவோவின் சேத்ரா

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் அதன் கோட்டைகளையும் வழிபாட்டுத் தலங்களையும் நாடிச் செல்வதே வழமை. விளையாட்டு மண்டபங்களை எவரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இன்று கூடைப்பந்தாட்டம், நாளை இசை நிகழ்ச்சி, மறுநாள் வர்த்தகக் கண்காட்சி என்று வாடகைக்கு விடப்படும் கட்டடத்தில் என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். பொஸ்னியத் தலைநகர் சரயேவோவில் உள்ள சேத்ரா ஒலிம்பிக் மண்டபத்தின் கதை அந்த எண்ணத்தை மாற்றக் கூடியது. ஏறத்தாழப் பதினாறு ஆண்டு காலத்துள் அம்மண்டபம் பனித்தள ஆடுகளமாகவும், சமாதானத்துக்கான இசையரங்காகவும், சவச்சாலையாகவும், உலகத் தலைவர்களின் மாநாட்டு மண்டபமாகவும் மாறி மாறி விளங்கிற்று.

1978 ஆம் ஆண்டு மே மாதம் ஏதென்ஸில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 1984 ஆம் ஆண்டுக்கான குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுக்களை நடத்தும் பொறுப்பைச் சரயேவோவிடம் ஒப்படைத்தது. ஜப்பானின் சப்போரோ நகரத்தை 39க்கு 36 என்ற வாக்குகளால் தோற்கடித்தே இவ்வாய்ப்பு பெறப்பட்டது. சோசலிச நாடொன்றில் குளிர்கால ஒலிம்பிக் நடைபெறவிருந்தது அதுவே முதற் தடவை. அக்காலத்து யூகோஸ்லாவியாவில், பொஸ்னியாக் முஸ்லிம்களும் சேர்பியர்களும் குரோவேசியர்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த நகரம் அது. 1914 இல் ஒஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் என்ற அளவிலேயே அதுவரை உலகம் அதனை அறிந்திருந்தது. அந்தப் பெயரை மாற்றிக்கொள்ள நகரத்துக்குக் கிடைத்த வாய்ப்பாக ஒலிம்பிக் அமைந்தது.

கோசெவோ விளையாட்டரங்குக்கு அருகே, செப்புத் தகட்டுக் கூரையுடன் கோணங்கள் நிறைந்த புதுமையான தோற்றத்தில் சேத்ரா எழுந்தது. 1983 ஆம் ஆண்டு பணிகள் நிறைவடைந்தன. ஒலிம்பிக் காலத்தில் ஏறத்தாழ 8,500 பேர் அமரக்கூடியதாக இருந்தது. உலகின் பெரிய உள்ளக அரங்குகளுடன் ஒப்பிடுகையில் இது நடுத்தர அளவே எனினும், அந்த நகரத்துக்கு அது போதுமானதாயிருந்தது.

1984 பெப்ரவரி 8 ஆம் திகதி கோசெவோ அரங்கில் தொடக்க விழா இடம்பெற்றது. 49 நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,270 வீரர்கள் கலந்துகொண்டனர். ஐஸ் ஹொக்கிப் போட்டிகளும் பனிச்சறுக்கு நடனப் போட்டிகளும் சேத்ராவைக் கலகலப்பாக்கின. கிழக்கு ஜேர்மனியின் கற்றரினா விற் தமது முதலாவது ஒலிம்பிக் தங்கத்தை அங்கேயே வென்றார். ஆயினும் அம்மண்டபத்தின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றவர்கள் இருவர். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரைச் சேர்ந்த ஜேன் டோர்வில் முன்னர் காப்புறுதி நிறுவன எழுதுவினைஞர். அவருடைய ஜோடியான கிறிஸ்டோபர் டீன் முன்னர் பொலிஸ் உத்தியோகத்தர். பெப்ரவரி 14 ஆம் திகதி, பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் ‘பொலேரோ’ இசைக்கு அவர்கள் ஆடிய நடனத்துக்கு 6.0 என்ற முழுப் புள்ளி பன்னிரண்டு தடவைகள் வழங்கப்பட்டது. கலைநயத்துக்கான பிரிவில் ஒன்பது நடுவர்களும் முழுப் புள்ளியையே அளித்தனர். பிரித்தானியாவில் மாத்திரம் இரண்டு கோடிக்கும் அதிகமானோர் அதனைத் தொலைக்காட்சியில் கண்டனர். பெப்ரவரி 19 ஆம் திகதி நிறைவு விழாவும் சேத்ராவிலேயே நடந்தேறியது.

அடுத்த ஏழு ஆண்டுகளில் அந்தக் கூட்டாட்சி நாடு சிதறத் தொடங்கியது. 1991 ஜூன் 25 ஆம் திகதி சுலோவேனியாவும் குரோவேசியாவும் சுதந்திரப் பிரகடனம் செய்தன. குரோவேசியாவில் போர் மூண்டது. அடுத்தது பொஸ்னியாவே என்பதை உணராதோர் இல்லை. அந்த நிலையில் 1991 ஜூலை 28 ஆம் திகதி சேத்ராவில் சமாதானத்துக்கான இசை நிகழ்ச்சியொன்று ஏற்பாடு செய்யப்பட்டது. சரயேவோவிலிருந்து இயங்கிய ‘யூதெல்’ என்ற தொலைக்காட்சியே அதனை முன்னின்று நடத்தியது. எந்த ஓர் இனத்தின் குரலாகவும் இராமல் நாடு முழுமைக்குமான செய்திகளை வழங்க முயன்ற நிலையம் அது. பல குடியரசுகளின் புகழ்பெற்ற இசைக்குழுக்கள் அன்று ஒரே மேடையில் தோன்றின. மண்டபம் நிரம்பி வழிந்தது. உள்ளே இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்று கேட்டனர்.

அந்த இரவைப் பற்றிப் பின்னாளில் ஏளனமாகப் பேசுவோரும் உளர். பாட்டுப் பாடிப் போரைத் தடுக்க முடியுமா என்று அவர்கள் கேட்கின்றனர். முடியவில்லை என்பது உண்மையே. ஆனால் அங்கு திரண்டோரிடம் படைகள் இருக்கவில்லை, பீரங்கிகள் இருக்கவில்லை, எல்லைகளை வரையும் அதிகாரமும் இருக்கவில்லை. அவர்களிடம் இருந்தவை ஒரு மண்டபமும் குரல்களுமே. கையில் இருந்ததைக் கொண்டு அவர்கள் செய்யக்கூடியதைச் செய்தார்கள். ‘இனங்கள் ஒன்றையொன்று வெறுத்தன, ஆகவே போர் மூண்டது’ என்று சுருக்கமாகச் சொல்லி முடிப்போருக்கு அந்த இரவு ஒரு மறுப்பாகும். போரை விரும்பாத பெருந்தொகையினர் இருந்தனர் என்பதற்கு அது சாட்சி. யூதெல் தொலைக்காட்சியும் 1992 மே மாதத்துடன் அணைந்து போயிற்று.

1992 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சரயேவோ முற்றுகைக்குள்ளானது. பள்ளத்தாக்கில் அமைந்த நகரம் அது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒலிம்பிக் வீரர்கள் சறுக்கி விளையாடிய மலைகள் பல படைநிலைகளாயின. திரெபெவிச் மலையில் அமைக்கப்பட்டிருந்த பொப்ஸ்லே எனப்படும் பனிவண்டி ஓடுபாதையே பீரங்கி நிலையாகியது. முற்றுகைக்குப் பொறுப்பான அரசியல் தலைவர் ரடோவன் கராஜிச், சேத்ராவுக்குச் சமீபமாகவுள்ள கோசெவோ வைத்தியசாலையில் மனநல மருத்துவராகக் கடமையாற்றியவர். தாம் அன்றாடம் நடமாடிய நகரத்தையே அவரது படைகள் குறிவைத்தன. சர்வதேச நீதிமன்றம் அவருக்கு 2016 இல் 40 ஆண்டுச் சிறைத்தண்டனையும், மேன்முறையீட்டின் பின் 2019 இல் ஆயுள் தண்டனையும் விதித்தது.

1992 மே மாதம் எறிகணைகள் சேத்ராவைத் தாக்கின. மண்டபம் தீப்பற்றிச் செப்புக் கூரை சிதைந்தது. ஆனால் நிலத்தடி அறைகள் எஞ்சின. அவை மருந்துகளையும் நிவாரணப் பொருட்களையும் வைக்கும் களஞ்சியமாயின. இறந்தோரை வைக்கும் சவச்சாலையும் அங்கேயே அமைந்தது. நகரத்துக்குள் மரம் கிடைப்பது அரிதாயிற்று. பூங்காக்களின் மரங்கள் குளிர்காய்வதற்கு வெட்டப்பட்டுவிட்டன. அப்போது சேத்ராவின் மர இருக்கைகள் கழற்றப்பட்டுச் சவப்பெட்டிகள் செய்யப் பயன்பட்டன. பொலேரோவுக்குக் கைதட்டியவர்களும் சமாதானப் பாடல்களைக் கேட்டவர்களும் அமர்ந்திருந்த பலகைகளுக்குள் அந்நகரத்தவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர். மண்டபத்தை அடுத்திருந்த விளையாட்டுத் திடல் இடுகாடாகியது. போரின் நடுவே வாழ்ந்த எமது வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

1994 பெப்ரவரி 5 ஆம் திகதி மார்க்கலே சந்தையில் விழுந்த எறிகணை 68 பேரைப் பலிகொண்டது. ஒரு வாரத்தில் நோர்வேயின் லில்லஹாமரில் அடுத்த குளிர்கால ஒலிம்பிக் ஆரம்பமானது. ஒலிம்பிக் காலப் போர்நிறுத்தத்தைக் கோரி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை முந்திய ஒக்டோபரிலேயே தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஒலிம்பிக் குழுவின் தலைவர் சமராஞ்ச், விளையாட்டுக்கள் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே முற்றுகைக்குள்ளான சரயேவோவுக்குச் சென்று திரும்பினார். டோர்வில், டீன் ஜோடி அவ்வாண்டு மீண்டும் போட்டியிட்டு வெண்கலப் பதக்கம் பெற்றது. அவர்களைப் புகழின் உச்சிக்கு ஏற்றிய மண்டபமோ அப்போது கூரையிழந்து நின்றது.

1995 டிசெம்பரில் டேற்றன் உடன்படிக்கை கைச்சாத்தானது. முற்றுகை முற்றாக நீங்கியது 1996 பெப்ரவரி 29 ஆம் திகதியே. அந்த 1,425 நாட்களில் மாண்டோரின் நினைவாக 2012 ஆம் ஆண்டு நகரின் பிரதான வீதியில் 11,541 சிவப்புக் கதிரைகள் வெறுமையாக வரிசைப்படுத்தப்பட்டன.

எரிந்த சேத்ராவை என்ன செய்வது? இடித்துத் தள்ளியிருக்கலாம், போரின் சின்னமாக அப்படியே விட்டிருக்கலாம். நகரம் அதனை மறுபடியும் மண்டபமாகவே ஆக்கத் தீர்மானித்தது. அத்திவாரம் உறுதியாகவே இருந்தது. 1997 செப்டெம்பரில் பன்னாட்டுப் படையினரின் உதவியுடன் பணிகள் ஆரம்பமாயின. ஒலிம்பிக் குழு சுமார் 11.5 மில்லியன் டொலரை வழங்கியது. 1999 இல் மண்டபம் மீளத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 30 ஆம் திகதி, கொசோவோ போர் முடிந்த கையோடு, தென்கிழக்கு ஐரோப்பாவின் ஸ்திரத்தன்மைக்கான உச்சி மாநாடு அங்கு கூடியது. அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் உட்படப் பல நாட்டுத் தலைவர்கள் வந்தனர். முற்றுகைக் காலத்தில் அறிக்கைகளுடன் காலம் கடத்திய நாடுகளின் தலைவர்கள், சில ஆண்டுகளுக்கு முன் பிணங்கள் கிடத்தப்பட்டிருந்த நிலவறைகளுக்கு மேல் அமர்ந்து எதிர்காலத்தைப் பற்றிப் பேசினர்.

2010 இல் சமராஞ்ச் காலமானதை அடுத்து மண்டபத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. ஸ்பெயினில் பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில் பதவி வகித்தவர் என்ற விமர்சனம் அவர்மீது உண்டு. நகரத்தவர் பலருக்கு அது இன்றும் சேத்ராதான். 2014 பெப்ரவரியில், முப்பது ஆண்டுகள் கழித்து, டோர்விலும் டீனும் அங்கு வந்து பொலேரோவை மறுபடி ஆடிக் காட்டினர். 2019 இல் ஐரோப்பிய இளையோர் ஒலிம்பிக் விழாவைச் சரயேவோவும், முன்னைய போர்முனைக்கு அப்பாலுள்ள கிழக்குச் சரயேவோவும் கூட்டாக நடத்தின.

இதனை முற்றான மீட்சி என்று கூறிவிட முடியாது. பொஸ்னியாவின் அரசியல் இன்னமும் இனவாரியாகவே பிளவுண்டிருக்கிறது. திரெபெவிச்சின் ஓடுபாதை கைவிடப்பட்ட கொங்கிரீட் சிதைவாகவே நிலைத்துவிட்டது. ஆனால் சேத்ராவில் மீண்டும் பந்து உருள்கிறது; பாட்டும் ஒலிக்கிறது. அங்கு செல்லும் இளைஞர்கள் வாசலை அடையுமுன் வெண்ணிறக் கல்லறைகளைக் கண்டே உள்ளே நுழைய வேண்டியுள்ளது. இறந்தோரை மறைக்காமலும் உயிருள்ளோரின் மகிழ்ச்சியைத் தடுக்காமலும் இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ள அந்த நகரம் பழகியிருக்கிறது. போரிலிருந்து மீளும் எந்த நகரத்துக்கும் இது எளிதான காரியமன்று.