பிளானட்லேப்

பிளானட்லேப், கணினி வலையமைப்பு ஆய்வுக்காகப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் தத்தம் கணினிகளைப் பகிர்ந்து நடத்திய சோதனைத் தளம். 2002 முதல் 2020 வரை இயங்கியது.

தோற்றம்

புதிய இணையச் சேவையை ஆய்வகத்துக்குள் மட்டும் சோதித்தால், உண்மையான இணையத்தின் தாமதமும் நெரிசலும் இணைப்பு முறிவும் புலப்படுவதில்லை. உலகெங்கும் கணினிகளை நிறுவும் வசதியோ தனியொரு ஆய்வுக் குழுவுக்குக் கிடையாது. இக்குறையைப் போக்க பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லாரி பீட்டர்சன், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) டேவிட் கல்லர் உள்ளிட்டோர் இத்திட்டத்தைத் தொடங்கினர். முதல் 100 கணினிகளுக்கு இண்டெல் நிறுவனம் உதவியது.

இயங்குமுறை

உறுப்பு நிறுவனம் குறைந்தது 2 கணினிகளைத் தன் வளாகத்தில் வைத்து, மின்சாரமும் இணைய இணைப்பும் தர வேண்டியிருந்தது. ஈடாக, பிற உறுப்பினர்களின் கணினிகளை அதன் ஆய்வாளர்கள் பயன்படுத்த முடிந்தது. ஓர் ஆய்வுக்குப் பல கணினிகளிலும் சேர்த்து ஒதுக்கப்பட்ட பங்குக்கு 'ஸ்லைஸ்' என்று பெயர். ஒவ்வொரு கணினியிலும் அதற்கென ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினி உருவாக்கப்பட்டது. இதனால் ஒரே கணினியில் பல ஆய்வுகள் ஒன்றையொன்று தொடாமல் நடந்தன.

பொறுப்பு

கணினியின் உரிமையாளருக்கும் அதில் நிரல் ஓட்டிய ஆய்வாளருக்கும் நேரடி அறிமுகம் இருக்கவில்லை. இருவருக்கும் இடையே பிரின்ஸ்டனிலிருந்த மைய நிர்வாகம் பொறுப்பேற்றது. ஆய்வாளர் இணையத்தை அளக்க அனுப்பிய தரவுப் பொட்டலங்களைத் தாக்குதல் என்று கருதி வெளியார் புகார் செய்ததுண்டு. அப்புகார் கணினியை வைத்திருந்த நிறுவனத்துக்கே போனது. எனவே எந்தப் பொட்டலம் எந்த ஸ்லைஸிலிருந்து சென்றது என்பதை 'பிளானட்ஃப்ளோ' என்ற மென்பொருள் பதிவு செய்தது. அந்த ஸ்லைஸுக்குப் பொறுப்பான ஆய்வாளரை அப்பதிவைக்கொண்டு கண்டறிய முடிந்தது.

பயனும் குறையும்

கோடீன், கோரல் ஆகிய உள்ளடக்க விநியோக வலைகள் இத்தளத்தில் இயங்கிப் பொதுமக்களுக்கும் பயன்பட்டன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் காணொளிகளைப் பலரும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்றபோது கோரல் அச்சுமையைத் தாங்கியது. ஆனால் கணினித் திறன் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று உறுதி செய்யப்படவில்லை. மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்பும் கடைசி நாட்கள் நெருங்கியபோது தளம் முழுவதும் நெரிசலானது. ஒரு சோதனையை அதே சூழலில் மீண்டும் நடத்துவதும் கடினமாக இருந்தது.

பின்விளைவு

பின்னர் பிளானட்லேப் யூரோப் தனி நிர்வாகத்தில் உருவானது. கூட்டிணைப்பின் மூலம் இரு தரப்பு ஆய்வாளர்களும் மற்றவர் கணினிகளைப் பயன்படுத்தினர். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆதரித்த ஜெனி சோதனைத் தளமும் ஸ்லைஸ் முறையையே பின்பற்றியது.