குளத்து நீரும் குலத் தீட்டும்

தூய்மை வேறு, தீட்டு வேறு. தூய்மையை அளக்க அறிவியல் உண்டு. தீட்டை அளக்கப் பிறப்பு ஒன்றே கோல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் இந்நாடு பட்ட கேடு கொஞ்சமல்ல. வரலாறு அதற்குச் சான்று கூறும்.

1884-ஆம் ஆண்டில் செர்மானிய அறிஞர் இராபர்ட் காக் கல்கத்தாவில் காலராவை ஆராய்ந்தார். மக்கள் குளித்து, துவைத்து, குடிக்கவும் செய்த குளத்து நீரிலேயே அந்நோயின் கிருமியைக் கண்டார். தேவதையின் சீற்றமென்று ஊரார் நடுங்கிய நோய், மலம் கலந்த நீரால் பரவுவது தெளிவாயிற்று. நீரைக் கெடுப்பது எது என்பதை அறிவு சொல்லிவிட்டது. ஆசாரம் அதைக் கேட்டதா?

மராட்டிய நாட்டின் கொங்கணப் பகுதியிலே மகாடு என்றோர் ஊர்; அங்கே சவுதார் குளம். பொதுநீர்நிலைகள் தாழ்த்தப்பட்டோர்க்கும் உரியவை எனும் தீர்மானம், எஸ். கே. போலே கொணர, 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1924-இல் மகாடு நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஏட்டிலே திறந்த குளம், கரையிலே திறக்கவில்லை. மாடு குடிக்கலாம்; மனிதன் குடிக்கலாகாது!

1927 மார்ச் 20 அன்று, சிற்றூர்களிலிருந்து திரண்ட ஆயிரக்கணக்கானோருடன் அண்ணல் அம்பேத்கர் அக்குளத்துக்கு நடந்தார். நீரை அள்ளிப் பருகினார். கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பிற்று, தடிகள் பாய்ந்தன. பின்னர் வைதிகர்கள் குளத்தைச் 'சுத்தி' செய்தனர். எதைக்கொண்டு? சாணமும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் நிறைந்த 108 குடங்களைக் கொண்டு! மனிதன் கை பட்டால் அழுக்காம். சாணம் கலந்தால் தூய்மையாம்! காக் கண்ட உண்மை 43 ஆண்டுகளாகியும் அக்கரையை எட்டவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் மக்கள் மீண்டும் திரண்டனர். நீதிமன்றத் தடை குறுக்கே நின்றது. 25-ஆம் நாள் மனுநூல் எரிந்தது. 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் அம்மக்களின் உரிமையை உறுதிசெய்தது. ஒரு கை நீருக்குப் பத்தாண்டுப் போர்!

நம் சென்னைச் சட்டமன்றத்திலும் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன், பொதுக்கிணறும் பொதுச்சாலையும் எல்லார்க்கும் உரியவை எனத் தீர்மானம் கொணர்ந்து வென்றார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவும் கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதித் தடை கூடாதென்றது.

ஊரக வீடுதோறும் குழாய் எனும் நோக்குடன் 2019-இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கப்பட்டது. வரவேற்போம். ஆனால் குழாய்க்குத் தானே வழி தெரியாது. அதன் வழியை வகுப்பது மனித மனம். கழிப்பறைகளும் எழுகின்றன. வரவேற்போம். ஆனால் அவற்றின் குழியைத் துப்புரவு செய்வது யார்? மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னும் மலக்குழியில் உயிர்கள் மாய்கின்றன. அப்பணி ஒரு குலத்தின் தலையெழுத்து என்றெண்ணும் வரை, இயந்திரம் வாங்கும் எண்ணம் எப்படி எழும்?

தோழர்களே! கிருமிக்குச் சாதி தெரியாது. சேரிக் கிணறு கெட்டால் நோய் ஊரையும் தேடி வரும். அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று இரண்டு கேள்விகள் கேட்போம்: குழாய் எந்தத் தெருவோடு நின்றது? குழியில் இறங்குபவர் யார்? விடை வரும்வரை அமரமாட்டோம்.