ஆங்கிலப் பட்டத்தின் வரவும் கடனும்

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வெளியானவுடன் நாயுடுபேட்டைத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. பிள்ளையைப் பட்டப் படிப்பில் சேர்க்கக் கடன் வாங்கலாமா? வாங்கினால் அப்பணம் மீளுமா? நகையை அடகு வைக்குமுன் நம் முன்னோர் இக்கணக்கை எவ்வாறு தீர்த்தனர் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

ஆங்கிலப் பட்டத்திற்கு விலை பிறந்தது அரசாணையால். ஆங்கிலக் கல்வியை ஆதரிக்கும் தீர்மானம் 1835-இல் வந்தது. அக்கல்வி பெற்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை உண்டென 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் அறிவித்தார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர் இருவரே. கரோல் விசுவநாத பிள்ளை, சி. வை. தாமோதரம் பிள்ளை என்னும் அவ்விருவரும் யாழ்ப்பாணத் தமிழர். கடல் கடந்து வந்து கற்றவர். ஒரு பெரிய மாகாணத்திற்கே இரண்டு பட்டதாரிகள் எனில் அப்பட்டத்தின் மதிப்பைச் சொல்லவும் வேண்டுமோ?

அருமையே அன்று அதன் விலையாயிற்று. அந்த விலையைச் செலுத்த இயலாமல் தடுமாறியோரும் உண்டு. கணித மேதை இராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறியமையால் அத்தொகையை இழந்தார். பின்னர்ப் பட்டமின்றியே 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக அமர்ந்தார். அவர்தம் கணக்கின் பெருமையை அறிந்த பல்கலைக்கழகம் மறு ஆண்டே மாதம் 75 ரூபாய் வழங்கியது. பட்டம் கதவைத் திறக்கும் சாவி. அறிவின் அளவுகோல் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நமக்கு அண்மையிலேயே இன்னொரு சான்றும் உண்டு. டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பெயரில் விளங்கும் சர்வபள்ளி, நெல்லூர் மாவட்டத்து ஊர். அவர் 1888-இல் திருத்தணியில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, 1896 முதல் 1900 வரை திருப்பதியிலும், பின்னர் வேலூரிலும் சென்னையிலும் பயின்றார். உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவ நூல்களைக் கொடுத்தமையால், செலவு குறையுமெனத் தத்துவமே எடுத்தார் என்பர். பின்னாளில் 1962-இல் குடியரசுத் தலைவரானார். அவர் கையிருப்பைப் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தார். அதனால் அவர் உயர்வு குன்றவில்லை.

இனி இன்றைய கணக்குக்கு வருவோம். பட்டம் இன்று அரிய பொருள் அன்று. ஆகவே பட்டம் என்ற பெயர் ஒன்றே சம்பளத்தை உறுதி செய்யாது. நான்கு இலட்சம் ரூபாய்க் கடன், ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி எனக் கொள்வோம். மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டுத் தவணைப் பொறுப்பும் கழியும்போது, தனிவட்டியே 1,60,000 ரூபாய் சேரும். அந்த 5,60,000 ரூபாயை ஏழாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 9,300 ரூபாய் வேண்டும். முதல் வேலையின் சம்பளத்தில் உணவும் வாடகையும் போக இத்தொகை மிஞ்சுமா என்பதே பெற்றோர் கேட்கவேண்டிய முதற் கேள்வி.

ஆங்கிலம் பிறந்த நாட்டிலும் இக்கவலை இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 1998-இல் ஆண்டுக்கு ஆயிரம் பவுன் வரை விதிக்கப்பட்ட கட்டணம் 2012-இல் ஒன்பதாயிரம் பவுன் வரை உயர்ந்தது. ஆயினும் அங்கே, வருமானம் குறித்த அளவைக் கடந்த பின்னரே மாணவர் கடனைத் திருப்பத் தொடங்குவர். நம் வங்கிக் கடனோ, வேலை கிடைத்தாலும் கிடையாவிட்டாலும் தவணை நாளில் வாசலில் நிற்கும். எனவே நமக்கு எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். 1954-இல் நிறுவப்பெற்ற திருவேங்கடவன் பல்கலைக்கழகம் திருப்பதியிலேயே இருக்க, பெயருக்காகத் தொலைதூரக் கல்லூரியை நாடுமுன் விடுதிச் செலவையும் கூட்டிப் பார்த்தல் நன்று. 2024-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் தகுதி உண்டாவெனவும் விசாரித்தல் வேண்டும்.

இவ்வளவும் பணக்கடன். வேறொரு கடனும் உண்டு. முதற் பட்டதாரியான தாமோதரம் பிள்ளை சட்டமும் பயின்று, புதுக்கோட்டையில் நீதிபதியானார். ஆங்கிலப் பட்டம் தந்த வருவாயையும் ஓய்வையும் அவர் எதற்குச் செலவிட்டார்? செல்லரித்த ஏடுகளைத் தேடி, 1881-இல் வீரசோழியத்தையும் 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆங்கிலத்தால் பெற்றதைத் தமிழுக்கு அளித்தார்.

தெலுங்கு மண்ணில் வாழும் நாம், பிள்ளைகள் தெலுங்கும் ஆங்கிலமும் நன்கு கற்க விரும்புகிறோம். அது முறையே. ஆயின் பாட்டிக்கு ஒரு கடிதம் தமிழில் எழுத அறியாத பட்டதாரியை வளர்த்துவிட்டால், வங்கிக் கணக்கு தீர்ந்த பின்னும் ஒரு பாக்கி நிற்கும். அதைத் தீர்க்க வட்டியும் வேண்டா, ஈடும் வேண்டா. மாலையில் அரைமணி நேரம் பிள்ளையோடு அமர்ந்து தமிழ் படித்தால் போதும். அவ்வழக்கத்தை இவ்விழா நாள் முதலே தொடங்குவோமாக!