கால்வாய்ப் படகுக்கு எட்டாத கம்பி

1761-ல் இங்கிலாந்தில் வொர்ஸ்லி சுரங்கத்தின் நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுசெல்ல பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்டது. நகரில் நிலக்கரி விலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாடெங்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. பிறகு ரயில் வந்தது, லாரி வந்தது, சரக்குப் படகுகள் மறைந்தன. இன்று அதே கால்வாய்களில் ஏழடி அகலமுள்ள 'நேரோபோட்' படகுகளையே வீடாகக் கொண்டு பலர் வாழ்கிறார்கள்.

வீடு என்றால் இணையம் வேண்டும் அல்லவா? சிக்கல் இங்கேதான். 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிரந்தரமாகக் கட்டிவைக்க இடமில்லாத படகு பொதுவாக ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் நிற்கக்கூடாது. நகரும் வீட்டுக்கு யார் கம்பி இழுப்பார்கள்?

எனவே செல்பேசி அலைதான் கதி. பிரிட்டனில் 2003-ல் 3ஜி, 2012-ல் 4ஜி வந்தன. ஆனால் பள்ளமான இடங்களில் சிக்னல் குறைகிறது. படகின் இரும்பு உடலும் அலையைத் தடுக்கிறது. அதனால் கூரைமேல் ஆன்டெனா, உள்ளே ரௌட்டர், சிலரிடம் இரண்டு நிறுவனங்களின் சிம். அண்மையில் வந்த செயற்கைக்கோள் இணைப்புக்கோ திறந்த வானம் வேண்டும். பேட்டரியும் சீக்கிரம் தீர்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. அன்று குதிரைகள் படகிழுத்த கரைப்பாதைகள் பலவற்றின் அடியில் 1990-களிலேயே ஒளியிழைக் கம்பிகள் புதைக்கப்பட்டன. ஊர்களுக்கான தகவல் அவற்றில் பாய்கிறது. பக்கத்திலேயே நிற்கும் படகுக்கு அதில் பங்கில்லை.

வேலை, வங்கி, வரி எல்லாம் இணையத்துக்கு மாறிவிட்ட காலம் இது. நிலக்கரியை மலிவாக்கிய கால்வாயில் இணைப்பு மட்டும் கூடுதல் விலைக்கே கிடைக்கிறது.