ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும்... வாடகை எவ்வளவு? பைபர் படகை லாரியில் கொண்டு போறவங்க கவனிக்க வேண்டியவை

கடலூர்:

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்பது பழமொழி. இன்றைக்கு ஓடம் வண்டியில் ஏறுவது சாதாரணமாகி விட்டது. ஆனால் ஏற்றி இறக்குவதற்குள் ஆகும் செலவு பல மீனவ குடும்பங்களை கடன்காரர்களாக்கி விடுகிறது.

வெளிமாவட்டத்தில், வெளிமாநிலத்தில் பழைய பைபர் படகு மலிவாக கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அட்வான்ஸ் கொடுத்து விடுகிறார்கள். படகை ஊருக்கு கொண்டு வந்து சேர்த்து கணக்கு பார்த்தால், மிச்சம் பிடித்த பணம் எல்லாம் லாரிக்கே போயிருக்கும். விலை பேசும்போதே லாரி செலவையும் சேர்த்து பார்த்தால் இந்த நஷ்டத்தை தவிர்க்கலாம். இதுகுறித்த விவரம் வருமாறு:-

கட்டுமரம் வேறு, பைபர் வேறு

கட்டுமர காலத்தில் இந்த பிரச்சினை இல்லை. கயிற்றை அவிழ்த்தால் படகு வெறும் மரக்கட்டைகள் ஆகிவிடும். எந்த வண்டியிலும் அடுக்கிக் கொண்டு போய் கரையில் திரும்ப கட்டிக் கொள்ளலாம். 2004-ம் ஆண்டு சுனாமிக்கு பிறகு தமிழக கடற்கரையில் கட்டுமரம் இருந்த இடத்தை பெருமளவில் பைபர் படகுகள் பிடித்துக் கொண்டன. பைபர் படகை பிரிக்க முடியாது, மடிக்க முடியாது. முழுசாகத்தான் ஏற்ற வேண்டும்.

கடல் வழியாகவே ஓட்டிக் கொண்டு போகலாமே என்று கேட்கலாம். பக்கத்து ஊர் என்றால் சரி. கிழக்கு கடற்கரையில் இருந்து கேரளாவுக்கு என்றால் பாம்பனை தாண்டி, கன்னியாகுமரியை சுற்றி பல நாள் போக வேண்டும். எரிபொருள், ஆள் கூலி, காற்று, அலை என்று எல்லாம் இருக்கிறது. லாரியில் ஏற்றினால் ஒரு ராத்திரி, ஒரு பகல் வேலை. அதனால்தான் எல்லோரும் லாரியை தேடுகிறார்கள்.

எட்டரை அடிதான் எல்லை

படகு எத்தனை டன் என்பதை விட, எத்தனை அடி என்பதுதான் வாடகையை முடிவு செய்கிறது. பைபர் படகின் எடை ஒரு லாரிக்கு பெரிய பாரமே இல்லை. ஆனால் இடத்தை முழுசாக அடைத்துக் கொள்ளும்.

மத்திய மோட்டார் வாகன விதி 93-ன்படி ஒரு வாகனத்தின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதாவது சுமார் எட்டரை அடி. அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே எட்டரை அடிதான் கணக்கு. அதற்கு மேல் அகலமான படகு என்றால் அங்கேயும் தனி பெர்மிட் எடுக்க வேண்டும்.

நம்ம ஊர் சாதாரண பைபர் வள்ளத்தின் அகலம் இந்த எட்டரை அடிக்குள் அடங்கி விடும். பிரச்சினை நீளத்தில்தான் வருகிறது. 24 அடி தளம் உள்ள லாரியில் 32 அடி படகை ஏற்றினால் மீதி 8 அடி எங்கே போகும்? அணியத்தை கேபினுக்கு மேலே தூக்கி வைத்து, பின்பக்கம் நீட்டிக் கொண்டிருக்கும் பகுதியில் சிவப்பு துணி கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி சொல்லவில்லை.

2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்தின் 194(1ஏ) பிரிவுப்படி, சரக்கு வண்டியின் பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ அளவுக்கு மேல் நீட்டிக் கொண்டிருந்தால் அபராதம் ரூ.20 ஆயிரம். நீட்டிக் கொண்டிருக்கும் சரக்கை இறக்குகிற செலவும் வண்டிக்காரர் தலையில்தான். முன் அனுமதி பெற்ற வண்டிக்கு மட்டுமே விலக்கு உண்டு. இந்த அபராதத்தை யார் கட்டுவது என்று முதலிலேயே பேசாமல் விட்டு, நடுரோட்டில் சண்டை போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நீளமான டிரெய்லருக்கு வாடகை கூடத்தான் இருக்கும். ஆனால் ஒரு அபராதத்தோடு ஒப்பிட்டால் அது மலிவு.

மாதிரி கணக்கு

கடலூரில் இருந்து கோழிக்கோட்டுக்கு ஒரு படகு போகிறது என்று வைத்துக் கொள்வோம். சேலம், கோவை, பாலக்காடு வழியாக 500 கிலோ மீட்டருக்கு மேல் வரும். மலையேற்றம் இல்லாத பாலக்காடு கணவாய் என்பதால் செங்கோட்டை வழியை விட இது நீளமான வண்டிக்கு சுலபம்.

லாரிக்காரர் கிலோ மீட்டருக்கு 40 ரூபாய் சொல்றார் என்று வைத்துக் கொண்டால், 500 கிலோ மீட்டருக்கு ரூ.20 ஆயிரம்தானே என்று நினைப்போம். அங்கேதான் ஏமாந்து போகிறோம். திரும்பி வரும்போது லாரி காலியாக வந்தால் அந்த 500 கிலோ மீட்டரையும் சேர்த்துத்தான் கேட்பார். ஆக ரூ.40 ஆயிரம்.

அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. லிட்டருக்கு 5 கிலோ மீட்டர் ஓடினால் போக வர 200 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் டீசலுக்கு மட்டும் ரூ.18 ஆயிரத்து 400. இதில் பாதி, வெறும் வண்டி திரும்பி வருவதற்கு.

இதோடு சுங்கச்சாவடி கட்டணம், டிரைவர் படி, இரண்டு பக்கமும் கிரேன் அல்லது ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து ரூ.12 ஆயிரம் என்று வைத்தால் மொத்தம் ரூ.52 ஆயிரம். இது மாதிரி கணக்குதான். அவரவர் ஊர் ரேட்டை போட்டு பார்த்துக் கொள்ள வேண்டும். வெளியூர் படகு உள்ளூர் படகை விட 50 ஆயிரம் ரூபாய் மலிவு என்றால், உண்மையில் அது மலிவே இல்லை என்பது இந்த கணக்கில் தெரிந்து விடும்.

ரிட்டர்ன் லோடு கிடைக்குமா?

செலவை குறைக்க ஒரே நல்ல வழி ரிட்டர்ன் லோடு. தமிழ்நாட்டில் இருந்து காய்கறி, முட்டை, அரிசி என்று தினமும் லாரிகள் கேரளாவுக்கு போகின்றன. திரும்பும்போது லோடு இல்லாமல் காத்துக் கிடக்கும் வண்டிகளும் உண்டு. அதனால் கேரளாவில் இருந்து இங்கே படகு கொண்டு வருபவர்கள் அப்படி திரும்பும் வண்டியை பிடித்தால் ஒரு வழி வாடகையோடு முடியும். இங்கிருந்து அங்கே அனுப்புபவர்களுக்கு இந்த சலுகை சுலபமாக கிடைக்காது. அவசரம் இல்லை என்றால் நாலு நாள் பொறுத்திருந்து வண்டி பிடிப்பது நல்லது.

கேரளாவில் இறக்கும்போது இன்னொரு விஷயமும் உண்டு. வேலையே செய்யாமல் பார்த்துக் கொண்டு நின்றதற்கு கேட்கும் 'நோக்குக்கூலி'யை கேரள அரசு 2018-ம் ஆண்டு மே 1-ந் தேதி முதல் தடை செய்து விட்டது. இறக்கினவர்களுக்கு மட்டும் கூலி கொடுத்தால் போதும்.

பேப்பர் முக்கியம்

கட்டுமிடத்தில் இருந்து புது படகு வாங்கி மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போனால், மதிப்பு 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் இருக்கும்போது இ-வே பில் வேண்டும். சாதாரண சரக்குக்கு 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் என்று பில் செல்லும். விதி 93 அளவை தாண்டிய சரக்கு என்றால் 20 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. பெரிய சரக்கு எவ்வளவு மெதுவாக போகும் என்பதற்கு இதுவே சாட்சி.

பழைய படகு என்றால் பதிவு சான்றிதழ், விற்றதற்கான எழுத்து, இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். வெளிமாநில படகு என்றால் இங்கே மீன்வளத்துறையில் பெயர் மாற்றி பதிவு செய்யாமல் கடலில் இறக்க முடியாது. பதிவு மாறும் வரை படகு கரையில்தான் கிடக்கும். அந்த நாட்களின் வருமான இழப்பும் ஒரு செலவுதான்.

விரிசல் விட்டால் யார் பொறுப்பு?

கடலில் அலையை தாங்கும் பைபர், லாரியில் குலுக்கலை தாங்காது. தண்ணீரில் படகு முழுசும் ஒரே சீராக தாங்கப்படுகிறது. லாரியில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் பாரம் இறங்குகிறது. பள்ளத்தில் வண்டி விழுந்தால் அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.

* அடியில் பழைய டயர், மணல் மூட்டை, வைக்கோல் போட்டு பாரம் பரவலாக இறங்கும்படி வைக்க வேண்டும்.
* என்ஜினை கழற்றி தனியாக ஏற்ற வேண்டும். வலை, ஐஸ் பெட்டியை படகுக்குள் போடக்கூடாது.
* கயிறு உரசும் இடத்தில் சாக்கு வைக்க வேண்டும்.
* தண்ணீர் வெளியேறும் ஓட்டையின் அடைப்பை எடுத்து விட வேண்டும். வழியில் மழை பெய்து தண்ணீர் நிறைந்தால் பாரம் எகிறி விடும்.
* ஏற்றும் முன்பும் இறக்கிய உடனேயும் நாலா பக்கமும் செல்போனில் படம் எடுக்க வேண்டும்.

ரசீது இல்லாமல் ஏற்றக் கூடாது. சாலை வழி சரக்கு போக்குவரத்து சட்டம் 2007, அதன் 2011-ம் ஆண்டு விதிகளின்படி, மதிப்பை கூடுதலாக எழுதி கொடுக்காவிட்டால் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல் 10 மடங்கோடு நின்று விடும். ரூ.20 ஆயிரம் வாடகை என்றால் ரூ.2 லட்சம்தான் உச்சம். அதற்கு மேல் மதிப்புள்ள படகு என்றால் மதிப்பை ரசீதில் எழுத வைக்க வேண்டும். நஷ்டம் என்றால் புக்கிங் செய்த நாளில் இருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

கணக்கு பார்க்காமல் போன படகுகள்

செலவு பார்க்காமல் படகுகள் லாரி ஏறிய சம்பவமும் உண்டு. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளாவை வெள்ளம் சூழ்ந்தபோது, திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரை மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டு செங்கன்னூர் பக்கம் போய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். அதன்பிறகு ஒரு படகுக்கு நாளைக்கு ரூ.3 ஆயிரமும் எரிபொருளும் தருவதாக முதல்-மந்திரி பினராயி விஜயன் அறிவித்தார். சேதமான படகுகளை சரிசெய்து தருவதாகவும் கூறினார். 2015-ம் ஆண்டு சென்னை வெள்ளத்திலும் மீனவர்களின் படகுகள் இப்படித்தான் லாரி ஏறி நகருக்குள் வந்தன.

அளவு பெரிதானால் பாடு எவ்வளவு என்பதற்கு உதாரணம் ஆலப்புழை. 2021-ம் ஆண்டு கடற்படையில் ஓய்வு பெற்ற 'டி-81' என்ற வேக தாக்குதல் படகை அங்கே காட்சிக்கு வைக்க கொண்டு போனார்கள். நீளம் 25 மீட்டர், எடை 60 டன். கொச்சியில் இருந்து தண்ணீர்முக்கம் வரை தண்ணீரிலேயே வந்தது. அங்கிருந்து ஆலப்புழைக்கு ஏராளமான சக்கரங்கள் கொண்ட டிரெய்லரில் அங்குலம் அங்குலமாக போக வேண்டியிருந்தது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

படகின் நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து லாரிக்காரரிடம் சொல்லுங்கள். வாடகை ஒரு வழியா, இரு வழியா? சுங்கம், படி சேர்த்தா? ஏற்று இறக்கு யார் செலவு? அபராதம் வந்தால் யார் கட்டுவது? வழியில் ஒரு நாள் நின்றால் எவ்வளவு? இந்த 5 கேள்விக்கும் பதிலை எழுதி வாங்கிக் கொண்டு, அதற்கு பிறகு படகுக்கு விலை பேசினால் வீட்டு நகை அடகு கடைக்கு போகாமல் தப்பிக்கும்.