எக்ஸ்ரேயில் விழாத நார்



போன தவணை நமது மாணவன் ஒருவன் உதைபந்து விளையாடும்போது சடாரெனத் திரும்பி, முழங்கால் பிசகி விழுந்தான். உள்ளே 'டக்' என்று கேட்டதாம். பின்னேரமே முழங்கால் வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பில ஒண்டுமில்லியாம் சேர்" என்று வாப்பா நிம்மதியாகச் சொன்னார். வீக்கம் வற்றியதும் திரும்ப மைதானத்துக்கு வந்தான், திரும்ப விழுந்தான். அந்த 'ஒண்டுமில்ல'வின் வரலாறுதான் இந்தப் பதிவு.

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் பிணைக்கும் இரண்டு நார்கள் குறுக்காக ஓடுகின்றன. லிகமென்ட் என்கிறோமே, அதுதான். கிளாடியேட்டர்களுக்கு மருந்து கட்டிய கேலன், கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே இவற்றை எழுதிவைத்தார். 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ரொப்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த நார்களைத் தைத்தார். அதே வருடம்தான் ஜேர்மனியில் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். ஆனால் அந்தக் கதிர் எலும்பைத்தான் காட்டியது, நாரைக் காட்டவில்லை.

அதனால் வைத்தியரின் கைதான் பல காலம் ஸ்கேன். முழங்காலைச் சற்று மடித்து, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கணைக்காலை முன்னே இழுப்பார்கள். தடுப்பில்லாமல் வழுக்கி வந்தால் முன்புற நார் அறுந்திருக்கலாம். 1875இலேயே நூலிஸ் என்ற கிரேக்கர் இதை விவரித்திருந்தும், 1976இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு 'லக்மன் பரிசோதனை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. (வீட்டில் பிள்ளைகளின் காலை இழுத்துப் பார்க்க வேண்டாம்!)

1973இல் போல் லோட்டபர் காந்தப்புலத்தைக் கொண்டு எடுத்த முதல் படங்களில் இருந்தது தண்ணீர் நிரம்பிய இரண்டு சிறு குழாய்கள், அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ. பிறந்தது அங்கேதான். அதற்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. தன்னை விட்டுவிட்டார்கள் என்று டமேடியன் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டுச் சண்டை பிடித்தது தனிக்கதை.

எம்.ஆர்.ஐ. நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசனைத் தேடுகிறது. இறுக்கமாகப் பின்னப்பட்ட நல்ல நார் கறுப்புப் பட்டியாகத் தெரியும். அறுந்தால் பட்டி குலைந்து, நீர் கோர்த்து வெளிறிவிடும்.

நம் பையனுடைய படமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் எலும்பு வைத்தியர் படத்துக்கு முன்னமே, காலை இழுத்துப் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். ஜவ்வும் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேனுக்கு அனுப்பினார். கிழிந்திருந்தது. அது முதல் விழுகையிலா, இரண்டாவதிலா என்று வாப்பா கேட்டார். படத்தில் அது இல்லை.