குடியிருப்பு மனை: தஞ்சை வட்டாரத்தில் உரிமையும் வாரிசும்

குடியிருப்பு மனை என்பது, விவசாயத் தொழிலாளியோ குத்தகை விவசாயியோ பிறருடைய நிலத்தில் குடிசை போட்டோ வீடு கட்டியோ வாழும் இடமும் அதை ஒட்டிய கொல்லையும் ஆகும். காவிரிப் பாசனத்து நெல் விளையும் பழைய தஞ்சை மாவட்டம் இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்து நிற்கிறது. தாய் தகப்பன் வாழ்ந்த மனை எந்த உரிமையில் பிள்ளைகளுக்கு வருகிறது என்ற கேள்வி இங்கே முக்கால் நூற்றாண்டாகச் சட்டத்தையும் போராட்டத்தையும் சந்தித்து வந்திருக்கிறது.

மிராசுதார்களின் பண்ணைகளில் உழைத்த பண்ணையாட்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். நெல்லாகக் கூலி, பண்டிகைக்குத் துணி, குடிசை போட்டுக்கொள்ள இடம் ஆகியவை அந்த ஏற்பாட்டில் அடங்கின. மண்சுவரும் கீற்றுக் கூரையும் தொழிலாளி எழுப்பியவை. அடியில் இருந்த மண் மிராசுதாருடையது. கூலி கூட்டிக் கேட்டால், செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. தகப்பன் வாங்கிய கடனும் மகன் தலையில் ஏறும். அந்த நாளில் ஒரு பிள்ளை தன் பெற்றோரிடமிருந்து பெற்ற குடிசை, சொத்து என்ற பெயருக்குத் தகுதியானதல்ல. அதே பண்ணைக்கு அடுத்த தலைமுறையும் உழைக்கும் கட்டாயமே அந்த வடிவத்தில் கைமாறியது.

1943இல் தஞ்சைக்கு வந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ், கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். 1961இல் இறக்கும் வரை இந்த மண்ணின் விவசாயிகளோடும் தொழிலாளர்களோடும் நின்றார். சங்கம் வேர்பிடித்த பின் அரசு இறங்கிவர வேண்டியதாயிற்று. இராஜாஜி அமைச்சரவை 1952இல் கொண்டுவந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களின் பண்ணையாட்களைக் காரணமின்றி நீக்குவதைத் தடுத்தது. ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6.67 ஏக்கர். ஆனால் பல மிராசுதார்கள் பண்ணையாட்களை அன்றாடக் கூலிகளாக மாற்றிவிட்டுச் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவினார்கள். மனைப் பிரச்சினை கூர்மையானது இதற்குப் பிறகுதான். பண்ணை உறவு அறுந்துவிட்டது. குடிசையோ பண்ணையார் நிலத்திலேயே நின்றது. வேலை இல்லாதவன் அங்கே குடியிருக்க என்ன உரிமை என்ற கேள்வி எழுந்தது.

இதற்கு முதல் விடை 1961ஆம் ஆண்டின் குடியிருப்பு வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டம். இது தொழிலாளியை மனையிலிருந்து துரத்துவதைத் தடுத்ததே தவிர, மனையை அவருக்குச் சொந்தமாக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுப் போராட்டம் நடந்த கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் பெரும்பாலோர். அதன்பின் அமைந்த கணபதியாப்பிள்ளை ஆணையமும் 1969இன் நியாயக் கூலிச் சட்டமும் கூலியைப் பற்றியவை.

மனைக்கான சட்டம் 1971இல், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது வந்தது. 1971 ஜூன் 19 அன்று வாடகைக்கோ அனுமதியின் பேரிலோ ஒரு மனையில் குடியிருந்த விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் அந்த மனைக்கு முழு உரிமையாளர் ஆனார்கள். வில்லங்கங்கள் எதுவும் மனையைத் தொடரக் கூடாது என்றும் சட்டம் சொன்னது. நிலச் சீர்திருத்தத்தில் உச்சவரம்புச் சட்டத்தையே எல்லோரும் பேசுகிறார்கள். தொழிலாளியின் முதுகை நிமிர்த்தியதில் இந்தச் சிறிய சட்டத்தின் பங்கு அதைவிடப் பெரிது என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு. காலடி மண் தன்னுடையது என்றான பிறகுதான் கூலிக்காகப் பயமின்றிப் பேரம் பேச முடியும்.

இதோடு ஒப்பிட ஒரு வெளிநாட்டு உதாரணம் உண்டு. பிரிட்டனில் உள்ளாட்சி மன்ற வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள், 1980ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தால் அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமை பெற்றனர். வாடகை உரிமை ஒருமுறை மட்டும் துணைவருக்கோ உடன் வாழ்ந்த உறவினருக்கோ போகலாம் என்றும் அங்கே விதி இருந்தது. தஞ்சைத் தொழிலாளிக்கு இதில் மேலான இடம்: உரிமையாளர் ஆனதும் மனை சாதாரண வாரிசுச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

கோயில், ஆதீன நிலங்களில் நிற்கும் வீடுகளின் கதை வேறு. திருவாரூர், மயிலாடுதுறை, கும்பகோணம் போன்ற ஊர்களில் கட்டடம் குடியிருப்பவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருக்கும் தெருக்கள் உண்டு. அங்கே பிள்ளைகள் பெறுவது சுவரும் கூரையும். மனைக்கு வாடகை தொடரும். அறநிலையச் சட்டத்தின்படி ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் அந்த நிலத்தை விற்கவும் முடியாது.

அரசே நிலம் எடுத்து மனை கொடுக்க 1978இல் தனிச் சட்டம் வந்தது. ஊருக்கு ஒதுக்குப்புறமான காலனிகள் பல அரசு எடுத்த நிலங்களில் உருவானவை. 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் கட்டியவற்றை மக்கள் ‘தொகுப்பு வீடு’ என்கிறார்கள். 2010இல் கலைஞர் வீடு, 2011இல் பசுமை வீடு, 2024இல் கனவு இல்லம் என்று பெயர்கள் மாறின. பூதான இயக்கத் தலைவர் வினோபாவின் தோழர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலத்தைப் பெண்கள் பெயரிலேயே பதிந்தது. அந்த முடிவு எவ்வளவு சரியானது என்பது வாரிசுக் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சுயமாகப் பெற்ற சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் அனைவருக்கும் சம பங்கு. ஆனால் அதன் 23ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண்வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை மகள் பாகம் கேட்க முடியாது என்றது. 2005இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஆனாலும் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது ஊர்களில் இன்னும் சடங்குபோல நடக்கிறது.

பெரிய சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. பாட்டன் பெயரில் வந்த பட்டா பேரன் காலத்திலும் பாட்டன் பெயரிலேயே கிடக்கிறது. வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது, கடன் கேட்கும்போது, 2018 நவம்பரின் கஜா புயலைப் போன்ற ஒன்று கூரையைத் தூக்கிச் செல்லும்போது அந்தக் காகிதம் தேவைப்படுகிறது. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் மனு ஆகிய மூன்றையும் பெரியவர் இறந்த ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். வாரிசுச் சான்றிலும் பட்டாவிலும் பெண்மக்களின் பெயரையும் சேருங்கள்.